ஆடாமல் இருங்கோ

சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டினால் கழுத்துக்கும் பட்டிக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற அளவுக்கு இடைவெளி விழுந்தது. மில்ரன் பொத்தானைக் கழற்றினான், மறுபடி பூட்டினான். போன வருடத் திருவிழாவுக்கு அப்பா தைப்பித்த சேட். சவப்பெட்டிக்கு மறுபக்கம் நின்ற தங்கை ஜெனிஸ்ரா, அப்பாவின் விரல்களுக்குள் செபமாலையைச் சுற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

“பொத்தானை விடு அண்ணா. விதானையார் வந்திருக்கிறார். நேரம் கேக்கிறார்.”

“என்ன நேரம்?”

“அப்பா போன நேரம்.”

“நாலேகால்,” என்றான் மில்ரன்.

விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்த கிராம அலுவலரான விதானையார், மரண அறிக்கைப் படிவம் காற்றில் பறக்காமல் முழங்காலோடு சேர்த்து அழுத்திக்கொண்டு எழுதினார். சோளகக் காற்று மூன்று நாட்களாக ஓயவில்லை. முற்றத்தில் இழுத்துக் கட்டிய தறப்பாள் படபடத்துக்கொண்டே இருந்தது. கதிரைகளிலும், தண்ணீர்க் குவளைகளிலும், பெட்டியின் வெள்ளைத் துணி ஓரத்திலும் தாழ்வுபாட்டுக் கடற்கரை மணல் மெல்லிசாகப் படிந்திருந்தது.

“நாலேகால்தான் ஐயா,” என்று சுவரில் சாய்ந்திருந்த அம்மா மெற்றில்டா சொன்னாள். “நான் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு போறன், மனுசன் நித்திரை மாதிரிக் கிடக்கிறார். பிள்ளை பக்கத்திலதான் இருந்தவன். தனியப் போகேல்லை. அதுவே பெரிய காரியம்.”

நேற்று மாலையிலிருந்து வருகிற எல்லோரிடமும் அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போது மட்டும் அழுகை கொஞ்சம் அடங்கியது. கேட்டவர்கள் திரும்பி மில்ரனைப் பார்த்தார்கள். சிலர் தோளில் கை வைத்தார்கள். அப்பாவோடு வேலை செய்த ஒருவர், “குடுத்துவைச்சனியடா நீ,” என்றார். மில்ரன் தலையை ஆட்டினான். அப்பாவின் அறைக்குள், மேசையில், நேற்று அவன் வைத்த இடத்திலேயே இரண்டு கமராக்களும் இருந்தன. யாரோ அவற்றின் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடிவிட்டிருந்தார்கள்.

மில்ரன் பன்னிரண்டு வருடங்களாகப் படம் எடுக்கிறவன். மன்னார்த் தீவிலும் கரையிலும் நடக்கிற கலியாணங்கள், முதல் நன்மைச் சடங்குகள், பள்ளிக்கூட விழாக்கள் என்று எதையும் விட்டதில்லை. முப்பத்தாறு வயதாகியும் தன்னுடைய கலியாணப் படத்தை மட்டும் எடுக்கவில்லை என்று அம்மா குறைப்படுவாள். அவனிடம் இருந்தது சிறிய சென்சர் உள்ள பழைய கமரா. வெயிலில் அதைப்போல ஒன்றில்லை. கோயிலுக்குள்ளோ, யன்னல் சாத்திய வீட்டுக்குள்ளோ போனால் படமெல்லாம் மணல் கொட்டியதுபோலப் புள்ளி புள்ளியாகிவிடும். பிளாஷ் அடித்தால் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துவிடும்.

சித்திரை மாதத்தில், முசலியைப் பூர்வீகமாகக் கொண்ட ஸஹ்றா என்ற பெண் கொழும்பிலிருந்து வந்து அவனுடைய படங்களைப் பார்த்தாள். மன்னார்க் கரையில் வாழ்கிற சனங்களை அவர்களின் வீட்டுக்குள்ளேயே, அந்த வீட்டில் இருக்கிற வெளிச்சத்திலேயே எடுத்துத் தரக் கேட்டாள். ஆள் உயரத்துக்குப் பெருப்பித்துக் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னாள். அவனுக்கு அப்படி ஒரு வேலை அதற்கு முன் வந்ததில்லை. அந்த அளவுக்குப் பெருப்பித்தால் பழைய கமராவின் படம் உடைந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். பெரிய சென்சர் உள்ள ஃபுல் பிரேம் கமரா ஒன்று இல்லாமல் முடியாது.

எது என்பதுதான் கேள்வி. மூன்று மாதங்களாக அவன் படிக்காத கட்டுரை இல்லை, பார்க்காத வீடியோ இல்லை. கடைசியில், கொழும்பில் கமராக் கடை வைத்திருக்கிற நண்பன் பிரணவன், தேர்ந்தெடுத்த இரண்டையும் ஒரு கிழமைக்குத் தருவதாகச் சொல்லி பஸ்ஸில் அனுப்பிவைத்தான்.

“எழுதியிருக்கிறதுகளை நம்பாத மச்சான். உன்ர கையில, உன்ர இருட்டில எடுத்துப் பார். பேந்து சொல்லு.”

முதலாவது, கண்ணாடி உள்ள வகை. பாரமானது. படம் எடுக்கும்போது உள்ளே கண்ணாடி எழும்பி விழுகிற சத்தம் டக்கென்று கேட்கும். இரண்டாவது கண்ணாடி இல்லாதது. கையின் நடுக்கத்தை உள்ளேயே வாங்கிக்கொள்ளும். கண்ணை வைத்தால் இருட்டு அறையும் உள்ளே வெளிச்சமாகத் தெரியும். எதிரே இருக்கிறவரின் கண்ணைத் தானாகத் தேடி, அதன் மேல் சின்னப் பச்சைச் சதுரம் ஒன்றைப் போட்டுப் பிடித்துவைத்திருக்கும். படம் எடுக்கும்போது எந்தச் சத்தமும் வராது.

அப்பா எட்வேட் நாற்பது வருடங்கள் படகு எஞ்சின் திருத்தியவர். எஞ்சினைத் திறக்க முதல் பக்கத்தில் குந்தியிருந்து காது கொடுத்துக் கேட்பார். எங்கே பிழை என்பதைக் கேட்டே சொல்லிவிடுவார். இரண்டு மாதங்களாக அவருடைய இதயம் சோர்ந்துபோய் நெஞ்சில் நீர் கட்டியிருந்தது. மூன்று தலையணைகளை அடுக்கி, பாதி இருந்தபடிதான் தூங்குவார். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தெலும்புக்குக் கீழே குழி விழுந்து எழும்பும். தோள்கள் இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும். இனி வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பாதர் வந்து கடைசி எண்ணெயான அவஸ்தை பூசிவிட்டுப் போனார். மணலும் வெயிலும் ஆகாதென்று அறை யன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருந்தார்கள்.

அந்த இருட்டு மில்ரனுக்குப் பிடித்திருந்தது. கொழும்புப் பெண் கேட்ட வெளிச்சம் அதுதான். யன்னல் பலகையின் வெடிப்பு வழியாக விழுகிற ஒரேயொரு கீற்று, சுவரில் பட்டு அப்பாவின் ஒரு கன்னத்துக்கு மட்டும் வந்தது.

நேற்று மூன்று மணிக்குப் பிறகு அவன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டான். “அப்பா, உங்களை வைச்சு ரெண்டு கமராவையும் சோதிச்சுப் பாக்கட்டோ?”

“நான் என்ன, எஞ்சினே?”

“எஞ்சினெண்டா இவ்வளவு நேரம் கதையாது.”

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் எடுத்தது. “யன்னலைத் திறவன், வெளிச்சம் வரட்டும்.”

“வேண்டாம். இந்த இருட்டுத்தான் எனக்கு வேணும்.”

“இருட்டு வேணுமெண்டு கேட்டுப் படம் எடுக்கிறவனை இப்பத்தான் காணுறன்.”

முதலாவது கமராவில் எடுத்தான். டக். டக். ஒவ்வொரு சத்தத்துக்கும் அப்பா கண்ணை மெல்லச் சிமிட்டினார். பிறகு, “இது நல்ல சாமான்,” என்றார். “வேலை செய்யுதெண்டு காதுக்குத் தெரியுது. இதை எடு.”

“மற்றதையும் பாத்திட்டுச் சொல்லுங்கோ.”

இரண்டாவதைக் கையில் எடுத்துக் கண்ணில் வைத்தான். அறை பளிச்சென்று திறந்தது. அப்பாவின் நரைத்த தாடி மயிர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பச்சைச் சதுரம் அவருடைய இடது கண்ணில் போய் இருந்தது.

“எடுத்திட்டியே?” என்று கொஞ்சம் பொறுத்துக் கேட்டார் அப்பா.

“ஓம், மூண்டு எடுத்தாச்சு.”

“சத்தத்தைக் காணேல்லை?”

“இதுக்குச் சத்தம் இல்லை அப்பா.”

“அப்ப முடிஞ்சுதெண்டு எனக்கெப்பிடித் தெரியும்?”

“முடிய நான் சொல்லுறன்.”

அதன் பிறகு அப்பா கையைத் தூக்கினார். படுக்கை விரிப்பிலிருந்து வலது கை எழும்பி, அவன் பக்கமாக வந்து, படத்தில் முகத்தை மறைத்தது. மில்ரன் கமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அப்பா, கொஞ்ச நேரம் ஆடாமல் இருங்கோ.”

“ம்,” என்றார் அப்பா.

கை கீழே இறங்கியது. மில்ரன் கமராவின் வேகத்தைக் குறைத்து, செக்கனில் பதினைந்தில் ஒரு பங்கில் வைத்து எடுத்தான். அந்த வேகத்தில் கையில் பிடித்து எடுத்தால் படம் ஆடத்தான் செய்யும். பின்திரையில் பெருப்பித்துப் பார்த்தான். இமை மயிர் ஊசி மாதிரி இருந்தது. நம்ப முடியாமல் இன்னொன்று எடுத்தான். இருளுக்கேற்ற உணர்திறனைக் கூட்டினான், குறைத்தான், இடம் மாறி நின்றான், மண்டியிட்டான். எல்லாம் தெளிவு. கமராவோடு மேசைக்குப் போய், அப்பாவுக்கு முதுகைக் காட்டியபடி இருந்து, இரண்டு கமராப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பிரணவனுக்குச் செய்தி அனுப்பினான்: ரெண்டாவதுதான் மச்சான். பதினைஞ்சில ஒண்டிலயும் ஒரு ஆட்டம் இல்லை. கல்லு மாதிரி நிக்குது.

அம்மா தேநீரோடு உள்ளே வந்தபோது அவன் அந்தச் செய்திக்குப் பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்று விதானையார் எழுதத் தொடங்கியபோது, ஜெனிஸ்ரா அவனைக் குசினிப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் வவுனியா ஆஸ்பத்திரியில் தாதி. செய்தி கேட்டு வேலை உடுப்போடேயே பஸ் ஏறி வந்தவள். இரவு முழுவதும் தூங்கவில்லை.

“நேற்று அப்பாவைப் படம் எடுத்தனி எண்டு அம்மா சொன்னவ. நல்லதா ஒண்டு தா. கனடாவில சித்தப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார், கடைசியா எடுத்த படம் வேணுமாம்.”

அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். கட்டிலில் விரிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். மெத்தையின் நடுவில் பள்ளம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி மடிக்கணினியைத் திறந்தான்.

முதலாவது கமராவில் பதினேழு படங்கள். எல்லாவற்றிலும் அப்பா ஏதோ ஓர் இடத்தில் ஆடியிருந்தார். ஒன்றில் சிரிப்பு வழுக்கிக்கொண்டு போயிருந்தது, இன்னொன்றில் தோள் இரண்டாகத் தெரிந்தது. இரண்டாவது கமராவில் இருபத்தாறு. முதல் மூன்றிலும் பனியனின் கழுத்து விளிம்பு மங்கல். நாலாவதில் கை. லென்ஸுக்கு முன்னால் வந்து விரிந்த ஐந்து விரல்கள், புகைபோல. ஐந்தாவதில் கை நெஞ்சின் மேல் இறங்கியிருந்தது, கண் பாதி திறந்திருந்தது.

ஆறாவது தெளிவாக இருந்தது. ஏழாவதும் அப்படித்தான்.

எதை அனுப்புவதென்று பார்க்க அவன் விசையை அழுத்தி அழுத்தி ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனான். எட்டு, ஒன்பது, பத்து. படம் மாறுகிறதா என்றே தெரியவில்லை. பனியனின் மடிப்பு அதே மடிப்பு. உதடு அதே அளவுக்குத் திறந்திருந்தது. கழுத்தெலும்புக்குக் கீழே குழி ஒரே ஆழத்தில் இருந்தது. இருபத்தாறாவது வரைக்கும் போய், அங்கிருந்து ஆறாவதற்குத் திரும்பினான். சுவரில் விழுந்த ஒளிக்கீற்று மட்டும் ஒரு சாண் நகர்ந்திருந்தது.

கமரா தாங்குவது அதைப் பிடித்திருக்கிற கையின் ஆட்டத்தை. எதிரே இருக்கிறவர் ஆடினால் எந்தக் கமராவும் எதுவும் செய்யாது. தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் தெரிந்துகொண்ட சங்கதி. மூச்சுக்கு மூச்சு தோள் ஏறி இறங்குகிற மனிதரைப் பதினைந்தில் ஒரு பங்கில் தெளிவாக எடுக்க முடியாது.

ஐந்தாவது படத்தின் நேரத்தைப் பார்த்தான். மூன்று நாற்பத்திரண்டு. இருபத்தாறாவது, நாலு மணி ஒரு நிமிடம். பத்தொன்பது நிமிடங்கள். அத்தனை படத்திலும் பச்சைச் சதுரம் அந்தக் கண்ணை விடாமல் பிடித்திருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. அவனும் அந்தக் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவு திறந்து ஜெனிஸ்ரா வந்தாள். “இவ்வளவு நேரம் என்ன செய்யிறாய்? ஆக்கள் கேக்கினம்.”

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் குந்தி, கணினியைத் தன் பக்கம் இழுத்து, தானே விசையை அழுத்தினாள். முன்னால் போனாள், பின்னால் வந்தாள். அவளுக்கு நேரத்தைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. ஏழாவது படத்தில் அவளுடைய விரல் நின்றது.

“அண்ணா, இதில அப்பா இல்லை.”

“ஓம்.”

“நீ எப்ப கண்டனி?”

“இப்பத்தான்.”

வெளியில் பெண்கள் செபமாலை சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஒரு குரல் முன்னே போக, மற்றக் குரல்கள் பின்னால் வந்தன. ஜெனிஸ்ரா நாலாவது படத்துக்குத் திரும்பிப் போய், அந்த விரல்களைப் பார்த்தாள்.

“இதில என்ன கேக்கிறார்?”

“தெரியாது.”

“ஏதும் சொன்னவரே?”

“‘ம்’ எண்டவர்.”

“எதுக்கு?”

“நான் ஆடாமல் இருங்கோ எண்டு சொன்னதுக்கு.”

அவள் கணினியை மெதுவாக மூடினாள். மூடியின் மேல் கையை வைத்தாள்.

“நீ பாத்திருந்தாலும் ஒண்டும் செய்திருக்கேலாது,” என்றாள். “எங்கட வாட்டில மெசின் எல்லாம் பூட்டியிருக்க, கண்ணுக்கு முன்னாலயே போகுதுகள்.”

“கையைப் பிடிச்சிருக்கலாம்.”

ஜெனிஸ்ரா அவனைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“ஓம்,” என்றாள். “அது செய்திருக்கலாம்.”

எழும்பி, கதவுக்குக் கிட்டப் போய் நின்று, திரும்பாமலே சொன்னாள். “விதானையார் இன்னும் போகேல்லை. நேரத்தை மாத்துறதெண்டா இப்ப மாத்தலாம்.”

“அம்மாவுக்கு?”

“அம்மாவுக்கு முன்னாலதான் சொல்லவேணும்.”

அவன் விறாந்தைக்கு வந்தான். புதிதாக வந்த இரண்டு பெண்களின் கையைப் பிடித்தபடி அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை பக்கத்திலதான் இருந்தவன். தனியப் போகேல்லை. விதானையார் கோப்பைக் கட்டுவதற்காக நாடாவைக் கையில் எடுத்திருந்தார்.

“வாங்கோ தம்பி. வாசிச்சுப் பாத்திட்டு ஒரு கையெழுத்து வையுங்கோ. பிழை ஒண்டும் இல்லைத்தானே?”

பி.ப. 4.15 என்று நீல மையில் இருந்தது. மில்ரன் வாசித்தான். அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கையெழுத்து வைத்தான்.

சித்தப்பாவுக்கு ஜெனிஸ்ரா முதலாவது கமராவின் படம் ஒன்றை அனுப்பினாள். சிரிப்பு வழுக்கிப்போன படம். ஆடிவிட்டது என்று அவன் சொன்னதற்கு, “ஆடட்டும்,” என்றாள்.

மூன்றரைக்குப் பாதர் வந்தார். பெட்டி மூட முதல் குடும்பமாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, வெளிநாட்டுக்குத் தொலைபேசியில் காட்டிக்கொண்டிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். “மில்ரன், நீயே எடு. உன்னை விட ஆர் எடுக்கிறது?” அவன் அறைக்குள் போய், துவாய்க்குள் கையை விட்டு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்தான். வெளியே வந்து கண்ணில் வைத்த பிறகுதான், அது இரண்டாவது என்று தெரிந்தது.

பெட்டியைச் சுற்றி அம்மாவும் உறவுக்காரரும் நின்றார்கள். அவன் விசையைப் பாதி அமத்தியவுடன் பச்சைச் சதுரம் கீழே இறங்கி, அப்பாவின் மூடிய இமையில் போய் இருந்தது. அவன் கமராவை அசைத்தான். சதுரம் அம்மாவின் கண்ணுக்குத் தாவியது. அம்மா கண்ணைத் துடைத்தாள். சதுரம் திரும்பவும் அப்பாவிடம் வந்தது. அம்மாவிடம் போனது, வந்தது. மில்ரனின் விரல் விசையில் இருந்தது. அதை முழுதாக அழுத்த அவனால் முடியவில்லை.

“தா அண்ணா.” ஜெனிஸ்ரா பக்கத்தில் வந்து நின்றாள். “நான் எடுக்கிறன். நீ போய் அம்மாவுக்குப் பக்கத்தில நில்.”

அவன் போய் நின்றான். அம்மா அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெனிஸ்ரா கமராவைக் கண்ணில் வைத்து, படம் எடுக்கிற எல்லோரையும் போலத் தொடங்கினாள். “எல்லாரும் கொஞ்சம் ஆடாமல்…”

அங்கேயே நிறுத்திவிட்டாள். கமராவுக்குப் பின்னால் அவளுடைய முகம் தெரியவில்லை. பாதர் வேத புத்தகத்தை மூடியபடி காத்திருந்தார். தறப்பாள் மட்டும் அடித்துக்கொண்டது. எந்தச் சத்தமும் வரவில்லை; ஆகவே யாரும் அசையவில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“எடுத்தாச்சே பிள்ளை?” என்று அம்மா கேட்டாள்.

“எடுத்தாச்சு அம்மா,” என்றாள் ஜெனிஸ்ரா. பிறகு இன்னும் உரக்க, “எடுத்தாச்சு. எல்லாம் முடிஞ்சுது,” என்றாள்.

சேமக்காலை கடற்கரைப் பக்கம். வெட்டிய குழியின் ஓரங்கள் சரிந்துகொண்டே இருந்ததால் பலகை வைத்து மறித்திருந்தார்கள். தென்கரையின் மின்சாரக் காற்றாடிகள் தூரத்தில் வரிசையாகச் சுற்றின. மில்ரன் ஒரு கைப்பிடி மணலை எடுத்துப் போட்டான். அதில் பாதியைக் காற்று கொண்டுபோனது.

ஜெனிஸ்ரா நாலு நாள் நின்றுவிட்டு வேலைக்குத் திரும்பினாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது, “அம்மாவுக்கு ஒருநாளைக்குச் சொல்லுவியோ?” என்று கேட்டாள். தெரியாது என்றான்.

அதன் பிறகுதான் வீடு அவனை வருத்தத் தொடங்கியது. விறாந்தையில் இருக்கும்போது அறைக்குள்ளிருந்து ‘முடிஞ்சுதோ’ என்று யாரோ கேட்பதுபோல இருக்கும். கேட்காது என்று தெரிந்தும் எழும்பிப் போய்ப் பார்ப்பான். ஏழாம் நாள் பகலில் யன்னலை அகலத் திறந்துவிட்டு, இரண்டாவது கமராவை எடுத்துக் கட்டிலைப் பார்த்தான். அம்மா புது விரிப்புப் போட்டு, தலையணை ஒன்றை மட்டும் வைத்திருந்தாள். கண்ணை வைத்ததும் பச்சைச் சதுரம் எழும்பி, தலையணையின் மடிப்பில் ஒரு கணம் போய் நின்றது. எதையோ கண்டதுபோல நின்று, பிறகு இல்லாமல் போனது. மில்ரன் கமராவை அணைத்து, மின்கலத்தையும் கழற்றி வைத்தான்.

அடுத்த நாள் பிரணவன் தொலைபேசியில் அழைத்தான். செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனதற்கு வருத்தம் சொன்னான். கொஞ்ச நேரம் அப்பாவைப் பற்றிக் கதைத்தான். பிறகு தயங்கித் தயங்கி, “கமரா அலுவலை இப்ப யோசிக்காத. ரெண்டாவது எண்டுதானே சொன்னனி, அதை உனக்கெண்டு வைச்சிருக்கிறன்,” என்றான்.

“அந்தச் சோதினை பிழை மச்சான்.”

“எப்பிடிப் பிழை? கல்லு மாதிரி நிக்குதெண்டு அனுப்பினாய்.”

“நிண்டது கமரா இல்லை.”

மறுமுனையில் பிரணவன் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினான். கடையில் யாரோ விலை கேட்கிற குரல் கேட்டது. கடைக்கு வெளியே வந்துவிட்டான் போல, பிறகு வீதிச் சத்தம் கேட்டது.

“ரெண்டையும் திருப்பி அனுப்பு,” என்றான் கடைசியில். “வேற ஒண்டு பாப்பம். பிறகு பாப்பம்.”

“வேலை கிடக்கு. ஸஹ்றா ரெண்டு தரம் கோல் எடுத்திட்டா. இருட்டு வீடுகளுக்குள்ளதான் எடுக்கவேணும்.” மில்ரன் கமராவைக் கையில் எடுத்தான். “இருட்டில நல்லது ரெண்டாவதுதான். அது உண்மை. அதுக்குச் சத்தம் போடலாமோ?”

“என்ன?”

“படம் எடுபட்டா எடுபட்டதெண்டு முன்னால இருக்கிற ஆளுக்குக் கேக்கவேணும்.”

பிரணவன் அது மெனுவில் எங்கே இருக்கிறது என்று சொன்னான். பொய்ச் சத்தம்தான், ஒலிபெருக்கியில் வருகிறது, உண்மையில் உள்ளே ஒன்றும் அசைவதில்லை என்றும் சொன்னான். மில்ரன் மின்கலத்தைப் போட்டு, சத்தத்தைக் கூட்டக்கூடிய அளவுக்குக் கூட்டினான். முற்றத்து வேலியை நோக்கி ஒரு தரம் அமத்தினான். வேலியில் இருந்த காகம் பறந்தது. முதலாவது கமராவை அதன் பெட்டியில் வைத்துக் கட்டி, பின்னேர பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பிவிட்டு வந்தான்.

அவன் வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அம்மாவின் தையல் மெசினும் ஓடவில்லை, குசினியிலும் சத்தமில்லை. “அம்மா,” என்று கூப்பிட்டான். பதில் இல்லை. அவள் நடு அறையில், சீமெந்து நிலத்தில் பாயைப் போட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஒரு கை தலைக்குக் கீழே, மற்றது இடுப்பில். எட்டு நாட்களாகத் தூங்காதவள்.

மில்ரன் வாசலில் நின்று அவளுடைய முதுகைப் பார்த்தான். அறை மங்கலாக இருந்தது. அவனுக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு அடி உள்ளே வைத்தான், குனிந்தான்.

அம்மா தலையைத் திருப்பினாள். “என்னடா? ஏன் இதில நிக்கிறாய்?”

“ஒண்டுமில்லை. நீங்கள் படுங்கோ.”

“தேத்தண்ணி வேணுமே?”

“வேண்டாம். படுங்கோ அம்மா.”

அவள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினாள். ஒழுங்கையில் மீன்காரரின் மோட்டர்சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போய் மறைந்தது. மில்ரன் அந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து, நிலத்தில் மெதுவாகக் குந்தினான். அம்மாவின் இடுப்பில் இருந்த கை சேலைத் தலைப்போடு சேர்ந்து மெல்ல உயர்ந்தது. இறங்கியது. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி உயர்ந்தது.